நூறு கிராம்

மாவட்ட மருத்துவமனைச் சுவரில்
ஒரு தாள், அதில் இரண்டு பத்திகள்.
இடப்பக்கம் தாய்ப்பால், நூறு கிராம்.
வலப்பக்கம் ஆவியில் வெந்த ஒட்டரிசிச் சோறு, நூறு கிராம்.

கலோரி: பால் எழுபது, சோறு தொண்ணூற்றேழு.
புரதம்: பால் ஒன்று, சோறு இரண்டு.
சர்க்கரையும் மாவும்: பால் ஏழு, சோறு இருபத்தொன்று.
கொழுப்பில் பால் முந்துகிறது,
கால்சியத்திலும்.
ஆனால் கம்பூ அதுவரை போகவில்லை.
முதல் மூன்று வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
மனைவி பக்கம் திரும்பினான்:
"சோறுதான் ஜெயிக்குது."

புவாலாய் பதில் சொல்லவில்லை.
மடியில் அறுபது நாள் குழந்தை அழுதுகொண்டிருந்தது.
வாய் திறந்திருந்தது, நாக்கு நடுங்கியது,
விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கி வெளிவந்தது,
சத்தம் மட்டும் இல்லை.
கண்ணாடிக்கு அந்தப்புறம்
யாரோ அழுவதைப் பார்ப்பதுபோல.

அவளை நோய் என்று கூப்பிடுகிறார்கள்.
ஊதோம்சாய் மலைகளில் அதற்குச் சின்னவள் என்று அர்த்தம்.
நான் எழுதும் மொழியில்
நெடிலாகச் சொன்னால் வேறு.
குறிலாகச் சொன்னால் நொய், உடைந்த அரிசி.
இரண்டையும் அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நர்ஸ் செங்சன் கேட்டாள்:
"பிள்ளை பெத்ததுல இருந்து என்ன சாப்பிட்டே?"
"சோறு."
"சோத்தோட?"
"உப்பு. சுட்ட இஞ்சி."
"வேற?"
புவாலாய் யோசித்தாள்.
கட்டிலுக்கடியில் கரி கனன்ற முப்பது நாள்,
வேர் கொதித்த வெந்நீர், வியர்வை.
மீன் ஆகாது, கீரை ஆகாது,
எருமைக்கறி ஆகவே ஆகாது.
விலக்கியதெல்லாம் பிள்ளைக்காகத்தான்.
"வேற இல்ல."

அந்த அரிசியை முந்தின இரவே ஊறவைத்து
விடிந்ததும் நீரைச் சாய்த்துவிடுவார்கள்.
அதில் கொஞ்சம் போகும்.
அதற்கும் முன்னால், போன வருஷம் வந்த மில்லில்
பால்பல் மாதிரி வெளுக்கத் தீட்டுவார்கள்.
அதில்தான் நிறையப் போகும்.
தவிடு பன்றிக்கு.
கம்பூவின் பன்றி கத்தினால்
ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும்.

போனதன் பெயர் பி-ஒன்.
சுவரில் ஒட்டிய தாளில் அதற்கு வரிசையே இல்லை.
கிராமில் நிற்காத பொடிசு,
மில்லிகிராமிலும் ஓரத்தில் ஒதுங்குவது.

பாலையும் சோற்றையும் எதிரெதிரே நிறுத்தியவர்
யார் என்று தெரியவில்லை.
சோறு உள்ளே போகிறது.
மார்பு கனத்து, சட்டை நனைந்து,
பாலாக வெளியே வருகிறது.
வலப்பத்தி நடந்து இடப்பத்திக்குப் போகிறது,
நடுவில் கோடு போட்ட இடத்தில்
ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

சட்டியில் இல்லாதது அகப்பையில் வராது.
செங்சன் அகப்பையைத் திட்டவில்லை.
ஊசியை எடுத்தாள்.

நாலு மணி. தொடையில் ஒரு பொட்டு ரத்தம்.
நாலேகால், ஒன்றுமில்லை.
ஐந்து, ஒன்றுமில்லை.
ஆறு மணிக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது,
அல்லது அப்படி நினைத்துக்கொண்டார்கள்.

புவாலாய்க்கு ஒரு அட்டை மாத்திரை, ஒரு அவித்த முட்டை.
முட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.
"இது ஆகாதே."
"ஆகும்."
"யார் சொன்னது?"
"மூணு பெத்திருக்கேன், நான் சொல்றேன்."
ஓட்டை உரித்துப் பாதி தின்றாள்,
திருடுகிறவள் மாதிரி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

இரவு ஒன்பதரைக்கு
வார்டே எழுந்து உட்கார்ந்தது.
கரகரப்பாக ஆரம்பித்து, பிசிறி, நின்று,
பிறகு கூரைத் தகரம் அதிர.
கால் முறிந்த மரவெட்டி வாய்க்கு வந்தபடி வைதான்.
முட்டையின் மறுபாதி கட்டிலுக்கடியில் உருண்டது.
புவாலாயின் விரல்களுக்குப் பித்தான் அகப்படவில்லை.

கம்பூ சிரித்தானா வேறேதுமா
இருட்டில் தெரியவில்லை.
"நம்ம பன்னி மாதிரியே கத்துறா" என்றான்
பக்கத்துக் கட்டில்காரனிடம்.
பிறகு எதிர்க்கட்டில்காரனிடம்.
பிறகு வைத மரவெட்டியிடமே போய்,
"அப்படியே நம்ம பன்னி."