தீவனச் செலவு

மஸ்கட்டில் ஒரு விடுதி, ஆறாம் மாடி.
இரண்டு தூதுக்குழுக்கள், இரண்டு அறைகள்.
ஒரே அறையில் உட்கார மாட்டோம் என்பதில் மட்டும்
முதல் நாளே உடன்பாடு.
நடுவே இருபத்திரண்டு தப்படி நடைபாதை.
அதில் தாளோடு போய்ப்போய் வருகிறாள்
மொழிபெயர்ப்பாளர் ஸுவைனா ஸத்ஜாலி.
மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

நீரிணையில் நங்கூரமிட்டு நிற்கிறது கப்பல்.
கொடி ஏதோ ஒரு தீவுடையது,
முதலாளி கிரேக்கர், கேப்டன் பத்தூமி ஊர்க்காரர்,
சரக்கு, பதினோராயிரத்து நானூறு ஆடுகள்.
எல்லை தாண்டியது என்கிறது வடகரை.
எல்லையே அங்கில்லை என்கிறது தென்கரை.

விடிந்ததும் கேப்டன் இராக்லியிடமிருந்து
ஒற்றை வரி வரும்:
இன்று நாற்பத்தாறு.
இன்று நூற்றுத் தொண்ணூறு.
எதன் கணக்கு என்று அவர் எழுதுவதில்லை.
ஜூலை மாதம், இரும்புத் தளம்.

வடகரைக் குழுவின் ஃபரிபோர்ஸுக்குப் பல்வலி.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:
ஜரீமே கட்டட்டும், கப்பல் போகட்டும்.
அவர் பாரசீகத்தில் அது
சிவப்பு விளக்கைத் தாண்டியவன்
முணுமுணுத்தபடி கட்டிவிட்டுப் போகிற தொகை.
அதே எழுத்து நடைபாதை கடந்து
அரபியின் வாசலில் நுழைந்தால்
ஜரீமா. குற்றம்.
கொலைக்கும் அந்தச் சொல்தான்.
(நம்முடைய அபராதமும் வடக்கே ரயிலேறினால்
குற்றமாகத்தான் போய் இறங்குகிறது.)

ஸுவைனா சரியாகவே சொன்னாள், தண்டத்தொகை என்று.
ஆனால் தாளில் இருந்த எழுத்து இருவருக்கும் பொது.
தென்கரையின் இளம் செயலர்
அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்,
பார்த்ததைப் படமெடுத்தார்.
மாலைக்குள் அவர்கள் நாடாளுமன்றத்தில்
ஒருவர் மேசையைத் தட்டினார்:
நம்மைக் குற்றவாளி என்கிறார்கள்!
தேர்தலுக்குப் பதினேழு நாள்.
அகராதி யாருக்கு வேண்டும்?

அக்கரையில் வெள்ளிக்கிழமை உரை.
ஒரு காசும் குறைக்க மாட்டோம் என்று முழங்கியவருக்கு
மொத்தம் எத்தனை காசு என்பது தெரியாது.
லண்டனில் காப்பீட்டுக்காரர்கள்
யாரையும் கோபிக்காமல்
கால் விழுக்காடு ஏற்றினார்கள்.
எங்கோ ஒரு நகரில் மறுவாரம்
ரொட்டி அந்த அளவுக்கு இளைத்தது.

இன்று நானூற்றுப் பத்து.

அன்றிரவு பனிக்கட்டி இயந்திரத்தின் பக்கத்தில்
ஃபரிபோர்ஸ் நின்றிருந்தார்,
கைக்குட்டையில் பொதிந்த பனி கன்னத்தில்.
அவளைப் பார்த்துக் கேட்டார்:
உங்கள் அரபியில்
யாருக்கும் ரோஷம் வராத சொல் ஒன்று இருக்கிறதா?
அவள் வெகுநேரம் யோசித்தாள்.
இயந்திரம் இரண்டு முறை இருமியது.
அலஃப், என்றாள். தீவனம்.
எங்களுக்கும் அலஃப்தான், என்றார். புல்.
வலித்த பக்கத்தை மறந்து சிரித்துவிட்டார்,
உடனே வலித்தது.

ஆக ஐந்தாம் நாள் கையெழுத்து:
கால்நடைகளைப் பராமரித்த வகையில்
வடகரைக்குத் தீவனச் செலவு.
தொகையைப் பழைய தாளோடு வைத்துப் பார்த்தேன் என்று
பின்னொரு நாள் ஸுவைனா சொன்னாள்;
கடைசிப் புள்ளிவரை அதுவேதான்.
ஒரு தலைநகரில் கட்டவைத்தோம் என்று வாணவேடிக்கை.
மற்றதில், குற்றம் ஏற்கவில்லை என்று
எட்டு மணிச் செய்தி.

ஒரு கட்டுப் புல்லும் அந்தக் கப்பலில் ஏறவில்லை.

இரு குழுவும் விமான நிலையத்துக்குப் போனபின்
அவள் கைப்பேசியில் கேப்டனின் செய்தி,
இந்த முறை நாலைந்து வரி:
நங்கூரம் தூக்கியாயிற்று.
இன்று ஐந்நூற்று இருபது.
மீதி பத்தாயிரம் இருக்கும், எண்ண ஆளில்லை.
தீவன ரசீது வந்திருக்கிறது.
எந்தத் தேதியில் தின்றன என்று
முதலாளி அலுவலகத்தில் கேட்கிறார்கள்.
என்ன எழுத?

நடைபாதையைப் பெருக்கிக்கொண்டு வந்த பையன்
எந்த அறை காலி என்று கேட்டான்.
இரண்டும், என்றாள்.
ஒரு செருப்பு கிடைத்துவிட்டது.
மற்றதைத் தேடி
பனி இயந்திரத்தின் அடியில்
கைவிட்டுத் துழாவினாள்.
தண்ணீர்.