அணைய வேண்டிய விளக்கு

முதல் கட்டத்தில் ஒன்றுமே வரையாதே என்றார் கொளஞ்சி.
கறுப்பு. அதில் புள்ளிகள். போதும்.
கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால்
சேலத்தைப் புள்ளி வைக்கத் தொடங்கினேன்.

லேடீஸ் சீட்டின் கம்பியில் நோட்டைச் சாய்த்து
பைபாஸை ஒரு கோடாக,
ஐந்து ரோட்டை ஒரு கொப்புளமாக,
ஜங்ஷனுக்குள் நுழையும் ரயிலை
காலெல்லாம் வெளிச்சமான பூரானாக.
அம்மாபேட்டையில் என் வீட்டுப் பக்கம் மட்டும்
பென்சிலை அழுத்தவில்லை.

படம் இப்படித்தான் திறக்கிறது:
மலைமேலிருந்து ஓர் ஊர். அசையாத கேமரா.
நாற்பது நொடி எதுவும் நடக்காது.
பார்க்கிறவன் பாப்கார்னுக்குள் கை விடுவான்.
அப்போது
அத்தனையில் ஒரே ஒரு விளக்கு அணையும்.
கொலை அதுதான்.

கத்தி கிடையாது. ஒன்றரை நிமிடம்வரை சிவப்பே கூடாது.
செல்போன் கோபுரத்தின் நுனிச் சிவப்பைக்கூட
ஒரு சில்வர் ஓக் கிளையைக் கட்டி மறைத்தோம்.

கம்ப்யூட்டரில் அணைத்துவிடலாமே,
ஒரு புள்ளி, அரை மணி வேலை என்றார் கேமரா சகாயம்.
கொளஞ்சி மப்ளரை இறுக்கிக்கொண்டார்.
"பொய்யா அணைஞ்சா பொய்யாத்தான் தெரியும்.
யாராவது எழுந்து போய் ஸ்விட்சைத் தொடணும்."

சரி, எந்த விளக்கு?
வெள்ளை வேண்டாம், அது ஆஸ்பத்திரி.
மஞ்சள். தெருவிளக்கு மஞ்சள் இல்லை,
ஆள் இருக்கிற மஞ்சள்.
கீழே, வலது ஓரம்,
கண் கடைசியாகப் போய்ச்சேரும் இடம்.

மாதையன் வண்டியில் இருபது கொண்டை ஊசியும் இறங்கித் தேடினோம்.
மேலே ஒரு புள்ளி,
கீழே வந்தால் நாற்பது சந்து.
நாய்கள் குரைத்து ஓய்ந்தபின்
சிவதாபுரத்தில் ஒரு கொலுசுப் பட்டறை மாடி.
குண்டு பல்பு. அதன் அடியில்
கண்ணி கண்ணியாகப் பற்றவைத்துக்கொண்டு ஜெயவேலு.

"பதினோரு நொடியா?"
இடுக்கியைக் கீழே வைக்காமல் கேட்டார்.
"பொடி உருகுற நேரத்துல முடியாது.
குரல் குடுங்க, கை ஓய்ஞ்சதும் அணைக்கிறேன்.
ஆமா, அணைஞ்சா யாரு சாகுறா?"
இன்னும் முடிவு பண்ணலைங்க என்றேன்.
"அப்ப எம் பேரை வச்சிறாதீங்க."
சிரித்து, தட்டுவடை செட் வாங்கிவர ஆளை அனுப்பினார்.

ஒத்திகை இரவு. ஒன்று நாற்பது.
மூடுபனி பகோடா பாயிண்ட் பக்கம் ஒதுங்கி வழிவிட்டது.
சகாயம் கேமராவில்.
நான் ஸ்டாப்வாட்ச்.
மாதையன் கீழே, பட்டறைப் படியில், போனோடு.

முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.
அணைந்தது.

எவ்வளவு சின்னதாக!
சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து விழுந்த மாதிரி.
குளிரில் பல் தந்தியடிக்க
இதுதான், இதுதான் என்றார் கொளஞ்சி.

போன் அடித்தது.
"சார், ஜெயவேலு அண்ணன் இன்னும் பத்த வச்சிக்கிட்டிருக்கார்.
ரெண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்றார்."

பட்டறையின் மஞ்சள் அதே இடத்தில் இருந்தது.
அணைந்தது அதற்கு இடப்பக்கம்,
கையை நீட்டிப் பார்த்தால் ஒரு விரல் தள்ளி.
நாங்கள் யாரும் போய்க் கதவு தட்டாத ஒன்று.

யாராவது தூங்கப் போயிருப்பாங்க என்றார் சகாயம்.
பல்பு போயிருக்கும். பீஸ் போயிருக்கும்.
எல்லாம் சரிதான்.
பதிவாயிடுச்சா, கொளஞ்சி கேட்டார்.
ஆயிடுச்சு.
"அப்ப அதையே வச்சுக்கலாம்."

திரும்பும்போது சகாயம் ஓட்டினார்.
வளைவுக்கு வளைவு
ஊர் இடது ஜன்னலுக்கும் வலது ஜன்னலுக்குமாக
மாறி மாறி வந்தது. அந்த இடத்தைத் தேடினேன்,
மரங்கள் விட்ட இடைவெளியில்.

பதினான்காம் வளைவில்தான் கவனித்தேன்,
உள்ளங்கைக்குள் ஸ்டாப்வாட்ச்
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
இருபத்தாறு நிமிடம், நான்கு நொடி.
ஐந்து.