வற்றம்

கடல் பற்றிய உடன்படிக்கை
உலான்பாத்தருக்கு வந்து சேர்ந்த அன்று
மைனஸ் முப்பத்தொன்று.
உறையின் பசை குளிரில் விட்டிருந்தது.
ஒப்பந்தப் பிரிவில் நாங்கள் மூன்று பேர்,
ஒரு ஹீட்டர்.

மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது,
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நான் கடலைப் பார்த்ததில்லை.
ஹுவ்ஸ்குல் ஏரியைப் பார்த்திருக்கிறேன்,
அதுவும் உறைந்து கிடந்த மாதத்தில்.
அதன்மேல் ஒரு லாரி
ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

ஐந்தாம் பிரிவு:
அலை பின்வாங்கியபின் கரையில் தெரியும் கோடு.
ஒரு நாட்டின் கடலை
அங்கிருந்துதான் அளக்கத் தொடங்க வேண்டுமாம்.
தம்தின்சுரேனிடம் சொல் கேட்டேன்.
"தண்ணீர் எதற்குப் பின்வாங்குகிறது?" என்றார்.
சட்டத்தில் முனைவர் அவர்.
அகராதியில் கிடைத்ததை எழுதினேன்.

குழுக் கூட்டத்தில்
கோபிப் பக்கத்து உறுப்பினர் பூரெவ்தோர்ஜ்
மூக்குப்பொடிக் குப்பியை மேசைமேல் வைத்தார்.
"கடல் எந்தப் பக்கம்?"
எந்தப் பக்கம் போனாலும்
ஓர் அண்டை நாட்டைத் தாண்டி, என்றேன்.
"வழி விடுவார்களா?"
விட வேண்டும் என்கிறது
நூற்று இரண்டாம் பிரிவு.
"என்கிறதா," என்றார்.
சிரிக்கவில்லை.
சற்று நேரம் கழித்துக் கையைத் தூக்கினார்.

அரக்கு முத்திரை இரண்டுமுறை வெடித்தது.
மூன்றாவதில் சொயொம்போச் சின்னம்
கொம்பு குறையாமல் விழுந்தது.
அமைச்சரின் பேனாவில் மை கட்டியிருந்தது.
என்னுடையதைக் கொடுத்தேன்.
எண்ணூறு துக்ரிக் பேனாவால்
ஒரு நாடு கட்டுண்டது.
பேனா திரும்பி வரவில்லை.

நியூயார்க்கில் ஒப்படைத்தார்கள்.
அதிலிருந்து முப்பதாம் நாள்
உடன்படிக்கை எங்கள்மேல் அமலுக்கு வந்தது.
காலையில் எழுந்து பார்த்தேன்.
அதே நிலக்கரிப் புகை.
பால்கனியில் கட்டித் தொங்கவிட்ட ஆட்டுத்தொடை
கல்லாக அசையாமல் இருந்தது.
எதிர் பால்கனிக்காரி கம்பளத்தை உதறினாள்.
இனி உனக்கும் பங்குண்டு,
ஆழ்கடலில், யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில்,
என்று கத்தலாம்போல் இருந்தது.
பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

மார்ச்சில் பூரெவ்தோர்ஜ் தொலைபேசியில் வந்தார்.
அரசிதழை வரிவரியாகப் படித்த ஒரே மனிதர்
நாட்டில் அவராகத்தான் இருக்கும்.
"ஐந்தாம் பிரிவில் ஒரு சொல் போட்டிருக்கிறாய், பெண்ணே.
திரும்பி வராத ஏரிக்கு
எங்கள் பக்கம் சொல்வது அது.
வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சும்,
மறிகள் அதில் உப்பு நக்கும்.
உன் கடல் திரும்பி வருமா?"

ஒரு நாளைக்கு இருமுறை, என்றேன்,
படித்ததை நம்பி.

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.
"இருமுறையா," என்றார் கடைசியில்,
யாரோ கடனைத் திருப்பிக் கொடுத்ததுபோல்.

ஒரு சொல்லைத் திருத்தக்
குறிப்பு எழுத வேண்டும்.
பிறகு நீதித்துறை, அமைச்சரவை, மறுபடி குழு,
மறுபடி அரசிதழ்.
வசந்தகாலக் கூட்டத்தொடரில் இடமில்லையாம்.
இலையுதிர்காலத்தில் பார்க்கலாம் என்கிறார்கள்.

அதுவரை எங்கள் சட்டத்தில்
கடல்
வற்றித்தான் கிடக்கும்.