ஈரத்தில் முப்பத்தொன்று

பாடாங் செராய், தொழிற்பேட்டை, மூன்றாம் லோட்.
ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்
எதிர் ஆலையின் ஒட்டுப்பால் நாற்றம்.
இங்கே ரப்பருக்கு வயதேற்றுவது என் வேலை.
எழுபது பாகை அடுப்பில்
ஒரு வியாழன் வைத்தால் அடுத்த வியாழன் எடுக்கலாம்.
அதற்குள் அது பல மழைக்காலம் பார்த்திருக்கும்,
நான் ஒரு வாரம்.

பிறகு உரசுகல், ஆயிரம் சுற்று.
முன்பிருந்த எடை, மிஞ்சிய எடை.
"தாஹான் எத்தனை வருசம்?" என்பார் குத்தகைக்காரர் கியோங்.
எத்தனை வருசம் உழைக்கும் என்போம் நாம்,
செருப்பைக் கேட்டாலும் ஆளைக் கேட்டாலும்
அதே சொல்.

கடைசியில் ஊசல்.
நுனியில் குதிகாலுக்குப் பதில் ஒரு ரப்பர்க் கட்டை.
தண்ணீர் தெளித்துக் கையை விட்டால்
வீசி இறங்கி, அரைச் சாண் தூரம் தரையைத் தேய்த்து
மேலேறும்.
ஒரு பிள்ளை கால் தவறும் நேரம்
அவ்வளவுதான்.
எட்டு வீச்சு, முதல் மூன்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.
முப்பத்தாறைத் தொட்டால் ஓடலாம்.

சறுக்குமரத்தின் கீழ் விரிக்க வந்த சிவப்புத் துண்டு
காய்ந்திருந்தபோது அறுபத்திரண்டு.
ஈரத்தில் முப்பத்தொன்று.
துடைத்தேன், நனைத்தேன், மறுபடி
முப்பத்தொன்று.
"வெயில்லதானே பிள்ளைங்க விளையாடும்?"
கியோங் கேட்டு முடிக்குமுன்
மூன்று மணி மழை
தகரக் கூரையில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது.
தோல்வி என்று முத்திரை குத்தினேன்.

மரியபுஷ்பம் எங்கள் நடையைத் துடைப்பவள்.
துடைத்த தரையில்
பாதத்தின் ஓரத்தை ஊன்றி, சுவரைப் பிடித்துப் போவாள்.
ஒரு சாப்பாட்டு வேளையில்
ஊசலைத் தூக்கிப்போய் அந்த மொசைக்கில் வைத்தேன்.
பத்தொன்பது.
"யார் கேட்டா இந்த டெஸ்ட்?" என்றார் மேனேஜர்.
யாரும் கேட்கவில்லை.
பாரத்தில் வாடிக்கையாளர் பெயருக்கான கட்டம்
காலியாகவே கிடந்தது.

அவள்தான் பின்னால் வந்து, மெதுவாக,
"தோத்துப்போன துண்டு ஏதும் கெடக்கா?"

மறுநாள் காலை
கழிப்பறையிலிருந்து பேன்ட்ரி வரை
பன்னிரண்டு சிவப்புச் சதுரம்.
அவள் எட்டுக்கு அளந்து போட்டிருந்தாள்.
என் கால் நீளம்,
ஒன்றை விட்டு ஒன்றில் போய் விழுந்தது.
திரும்பிப்போய்
முதல் சதுரத்திலிருந்து
சின்னச் சின்ன எட்டாய் நடந்து வந்தேன்,
கையில் கோப்பி தளும்பாமல்.