ஒன்பது மணி உளுந்து

பெயர் கேட்டாள் கம்பெனிக்காரி, பர்மியத்தில்.
டோ கின் ஸ்வே என்றேன்.
வடிவாம்பாள் என்பது இந்த ஆறாம் மாடிக்குள் மட்டும்.
கரண்டு பில், கேபிள், இன்டர்நெட் எல்லாம்
கின் ஸ்வே பெயரில்தான் படியேறி வருகின்றன.

மோடத்துக்கு மாத வாடகை பன்னிரண்டாயிரம் கியாட்.
இரண்டு வருடம் கட்டியதைக் கூட்டிப் பார்த்தேன்,
கூட்டுவதுதானே என் பிழைப்பு.
சொந்தமாக ஒன்று வாங்கிவிடு என்றது கால்குலேட்டர்.

தெய்ஞ்சி பஜாரில் கோ ஸா மின்
நாலு மோடத்தைச் சீட்டுக்கட்டுபோல விரித்தான்.
எல்லாம் ஒன்றுதான் அக்கா, திருகினால் எரியும்.
எல்லாம் ஒன்றுதான் என்கிற கடையில்
நான் பருப்புகூட வாங்கியதில்லை.

பினாங்கிலிருந்து கொழுந்தன் அனுப்பினான் ஒன்று.
கருப்பு, பளபளப்பு, பெட்டிக்குள் இன்னொரு பெட்டி.
கேபிளைத் திருகினேன்.
பச்சைக்குப் போகிற மாதிரி போய்
ஆரஞ்சுக்கே திரும்பி நின்றது விளக்கு.
மூன்று நாள் ஆரஞ்சு.

கம்பெனியின் பட்டியலில் ஐந்தே மாடல்.
என்னுடையது பி-யில் முடிகிறது,
அவர்களுடையது வி-யில்.
ஓர் எழுத்து.

கத்த வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.
சென்னைத் தரகருக்குத் தினமும் காலை ஒன்பதுக்கு,
அங்கே அப்போது எட்டு,
உளுந்து விலை அனுப்புகிறவள் நான்.
எஸ்க்யூ ஒரு விலை, எஃப்ஏக்யூ ஒரு விலை.
ஒரே மண், ஒரே மழை, ஒரே கறுப்புத் தோல்.
மாற்றி ஏற்றிய ஒரு கண்டெய்னருக்காக
முதலாளிக்குச் சோறு இறங்காமல் போனதைப்
பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தவள்.
ஓர் எழுத்துதானே என்று
நான் எந்த வாயால் சொல்வது?

பில்லின் முதுகில் எழுதி வைத்தேன்:
டாக்சிஸ் மூன்றுக்குக் குறையக் கூடாது.
பன்னிரண்டு வோல்ட், கரண்டு போனால் பேட்டரியில் ஓட.
மாடல் எண் கடைசி எழுத்துவரை.
கரண்டு எப்போது வரும் என்று எழுத
அந்தப் பில்லில் இடம் இல்லை.

மூன்றாம் மாடி பக்கீர் மைதீன்
தண்ணீர்த் திருவிழா கழிந்த வாரம்
மகனோடு எல்லைப் பக்கம் போனவர்.
சாவி என்னிடம்.
பீரோ மேல் தூசிக்குள் அவர் மோடம்,
அடியில் வி.

பட்டியலில் இருக்கிறது, ஆனால் அவர் பெயரில் இருக்கிறது,
அவர் விட்டேன் என்று சொன்னால்தான் உங்களுக்கு,
என்றாள் கம்பெனிக்காரி.
பதினோரு நாள் டீக்கடை வாசலில் நின்று
கைபேசியில் விலை அனுப்பினேன், டீக்கும் விலை கொடுத்து.
பன்னிரண்டாம் நாள் ஒரு குரல் வந்தது,
பின்னால் யார் வீட்டுச் சேவலோ கூவ:
விட்டுட்டேம்மா, எடுத்துக்க.
சன்னல் வழியா மழை அடிக்குதா பாரு.

ஒட்டியிருந்த பன்னிரண்டு எழுத்தையும் எண்ணையும் வாசித்தேன்.
பி-க்கு பகோ. டி-க்கு டலா.
எஃப்-க்கு எந்த ஊரும் வாயில் வரவில்லை,
எஃப்ஏக்யூ என்றேன்.
அவள் சிரித்தாள், எழுதிக்கொண்டாள்.

நாலு விளக்கு. மூன்று அசையாமல்,
நாலாவது சிமிட்டிச் சிமிட்டி.
அது அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.
ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்க விலை போய்ச் சேர்ந்தது.
சென்னையிலிருந்து வழக்கமான பதில்:
கொஞ்சம் குறையாதா?

பினாங்கு மோடத்தை பகோ வாத்தியார் ஒருவர் கேட்டார்.
அங்கே வேறு கம்பெனி, அவர்கள் பட்டியலில் பி உண்டாம்.
எழுதி வாங்கிக்கொண்டுதான் சரி என்றேன்.
பால்கனிக் கயிற்றுக் கிளிப்பில் பையை மாட்டி இறக்கினேன்.
பேப்பர், பூ, பால் பாக்கெட், கடன் சீட்டு,
எதை மாட்டினாலும் என்ன மாடல் என்று கேட்காத கயிறு.
ஐந்தாம் மாடித் துணிக்கொடியில் ஒரு தரம் இடித்து,
மூன்றாம் மாடியின் சாத்திய சன்னலைத் தாண்டிப்
போனது பை.
கீழே யாரோ இழுத்தார்கள்.
மேலே மணி அடித்தது.