பதினோராவது மொச்சை

ஷ்கோதர், 1974

வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைப்பேன்.
எஃகு உற்பத்திக் கணக்கு முழங்கட்டும்,
அதன் அடியில்தான் எங்கள் செபம்.
செபமாலை கிடையாது. பத்து வெள்ளை மொச்சை.
ஒன்றொன்றாய் மகனின் விரல் நகர்த்தும்.
முடிந்ததும் ஜாடிக்குள், மறுநாள் உலைக்குள்.
சோதனைக்கு வருகிறவன் குழம்பில் எதைத் தேடுவான்?

பள்ளியில் அவன் ஆர்பென்.
அடுக்களையில், தாழ் விழுந்த பிறகு, ஸெஃப்.
ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியதும் நானே.
சாமியார் செப்புச் சுரங்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்தார்.

பாஸ்காவுக்கு வெங்காயத் தோலோடு முட்டை அவித்தேன்.
சிவந்த ஓடுகள் லேசில் எரியவில்லை.
கரண்டிக் காம்பால் இடித்துச் சாம்பலில் கலந்தேன்.

திங்கட்கிழமை, பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.
“சிவப்பு முட்டை சாப்பிட்டியான்னு டீச்சர் கேட்டாங்க.
இல்லைன்னேன்.
அம்மா, அது எட்டாவது கட்டளைதானே?”

பத்தையும் மனப்பாடம் செய்வித்தவள் நான்.
அந்த ‘இல்லை’யைக்
கண்ணாடி முன் நிற்கவைத்துப்
பழக்கியவளும் நான்.
பாத்திரம் கழுவினேன்.
கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

இரவு, மேசையில் பதினொரு மொச்சை.
எண்ணத் தெரியாத பிள்ளையல்ல.
“இது யாருக்குடா?”

“டீச்சருக்கு.
கையை விரிக்கச் சொன்னாங்க.
கட்டைவிரல் நகத்துக்குள்ள சிவப்பு இருந்துச்சு.
பார்த்தாங்க.
‘மூடிக்கோ’ன்னாங்க.”