பக்கத்துக் கட்டம்

சத்தியநேசன் வந்த இரவு
வடசேரிப் பேருந்து நிலையத்தில் மழை.
மாநகராட்சித் தங்குமிடத்தின் விதி ஏழு:
கத்தி, பிளேடு, தீப்பெட்டி உள்ளே கூடாது.
இடுப்பிலிருந்து அவர் எடுத்துத் தந்தது
துணி சுற்றிய பால்வெட்டுக் கத்தி.
கிளிமூக்காய் மடங்கிய நுனி.
"இது ஆளை வெட்டாது சார், ரப்பர மட்டுந்தான்."
வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டினேன்.
சீட்டில் எழுதினேன்: ஆயுதம் ஒன்று.

பதினெட்டுக் கட்டில். அவருக்குப் பதினொன்று.
இரவு ஒன்பதரைக்குப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும்.
தினமும் அவர்
பன்னிரண்டாம் கட்டில்காரரின் கட்டத்தில் ஒப்பமிட்டார்.
பன்னிரண்டு, கொளச்சல் பனியடிமை,
தன் பெயரை வைக்க இடமில்லாமல் கத்துவார்:
"எனக்க எடத்துல நீரு எதுக்குவே ஒப்பு போடுதீரு?"
நானும் கத்தினேன்.
குடித்திருக்கிறார் என்று நினைத்து
ஒருநாள் வாயை ஊதச் சொன்னேன். ஊதினார்.
கட்டன்சாயா மணம்.
அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டு முறை சொல்லாமல் போனார்.
'வெளியேறிய காரணம்' என்ற பத்தியில்
முதல் முறை 'தெரியவில்லை',
இரண்டாம் முறை 'மேற்படி'.
இரண்டு முறையும் தேடிக் கூட்டிவந்தவள் ஷோபனா,
புதன்கிழமை மட்டும் வருகிற ஆற்றுப்படுத்துநர்,
ஸ்கூட்டியின் பின்சீட்டில், ஒரு சொல் திட்டாமல்.

அவள்தான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து
சட்டென்று நிறுத்தினாள்.
பக்கம் பக்கமாக விரலை ஓட்டினாள்.
எல்லா ஒப்பமும் ஒரே அளவு கீழே இறங்கியிருந்தது.
"குடிச்சவன் இவ்வளவு ஒழுங்காத் தப்பு பண்ணமாட்டான்."

ஆசாரிப்பள்ளத்தில் கண் பார்த்தார்கள்.
வலதில் புரை. இடதுக்குக் கண்ணாடி.
அப்போதுதான் சொன்னார்,
கடுக்கரைத் தோட்டத்தில் வேலை போன கதையை:
பட்டையை மட்டும் சீவ வேண்டிய கத்தி
தடிக்குள் இறங்கிவிட்டது. நாற்பது மரம்.
"கை தளந்துட்டுன்னு மொதலாளி சொன்னாரு.
நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."
வேலையோடு தோட்டத்துக் குடிசையும் போனது.
ஆறு வருடம்
அவர் தன் கையை வெறுத்திருக்கிறார்.

புரை எடுத்தபின் கீரிப்பாறைப் பக்கம்
முன்னூறு மரம், புது முதலாளி.
வெட்டு, விடியுமுன். முதல் பேருந்து மூன்றே முக்கால்.
விதி மூன்று: ஆறு மணிக்கு முன் கதவு திறக்கலாகாது.
ஷோபனா மனு எழுதினாள். பதில் வரவில்லை.
நான் திறந்தேன்.
மூன்று மணிக்கு என் கட்டில் சட்டத்தில்
இரண்டு தட்டுத் தட்டுவார்.
கத்தியை எடுத்துக் கொடுப்பேன்.
சீட்டில் 'ஆயுதம்' என்பதை அடித்து
'கருவி' என்று எழுதினேன், யாரும் கேட்காவிட்டாலும்.

மழை விழுந்தால் வெட்டு இல்லை, கூலி இல்லை.
ஆனியில் பதினாறு நாள்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.
மூன்றாம் முறையும் போய்விடுவார் என்று பயந்தோம்.
பனியடிமை தன் சாயாவில் பாதியை
அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார், பேசாமல்.
ஷோபனா வங்கிப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள்:
ஆறாயிரத்து இருநூறு.
"இது யாருக்க பணம்?" என்று கேட்டார்.
விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

தையில் போனார். பூதப்பாண்டியில் ஒற்றை அறை,
முன்பணத்தில் பாதி இன்னும் பாக்கி.
காரணப் பத்தியில் என்ன எழுத என்றேன்.
யோசித்தார்.
"தாக்கோலு எனக்க கையிலன்னு எழுதும்."
எழுதினேன்.
கண்ணாடி சட்டைப்பையில் இருக்க,
பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒப்பமிட்டார்
பனியடிமையின் கட்டத்தில்.
பனியடிமை கத்தவில்லை.

இனி மூன்று மணிக்குத் தூங்கலாம் என்றிருந்தேன்.
பதினொன்றுக்குப் புதிதாய் ஒருவர் வந்திருக்கிறார்.
தோவாளைப் பூச்சந்தையில் மூட்டை இறக்குகிற வேலை.
ஒன்றரைக்கே கதவு திறக்க வேண்டுமாம்.